அட்டை வைத்த சிப்பாய்

ராசா,

உன் கடிதம் வந்தது. வழக்கமாக ‘அம்மா சுகமா, நான் சுகம்’ என்று மூன்று வரியில் முடித்துவிடுகிற பிள்ளை இந்த முறை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உறையின் கனத்திலேயே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது. கோயம்புத்தூர் பம்பு கம்பெனியில் படம் வரைகிற வேலையை விட்டுவிட்டு வருகிறேன், எஸ்டேட்டில் என் பேரைப் பதிந்துகொள்ளச் சொல்கிறேன், நான் வந்து சேரும் வரைக்கும் ஆபீசில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே என்கிறாய். படித்ததும் முதலில் அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. இப்போது கோபம் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. அதனால் தைரியமாக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இங்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். லயத்து வரிசையில் வீடு என்பது வேலைக்குக் கொடுத்தது, ஆளுக்குக் கொடுத்தது இல்லை. வயதாகி வேலையிலிருந்து நின்றால், அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் அந்த வேலைக்கு இறங்க வேண்டும். இறங்கினால் வீடு தங்கும். ஆள் இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எனக்கு இந்த மாதத்தோடு வயது முடிந்தது. என் வீட்டில் இருக்கிற ஒரே ஆள் நீ. நீ கொழுந்துக் கூடையை எடுத்தால் நான் அதே கூரைக்குக் கீழே கண்ணை மூடலாம், இதுதானே நீ போட்ட கணக்கு? அந்தக் கணக்கைத்தான் நான் உன்னோடு ஆடிப் பார்க்கப்போகிறேன். உனக்கு எதிரே உட்கார்ந்தே பழகியவள் நான், ஒரு கார்டில் ‘வராதே’ என்று எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவள் இல்லை.

செஸ் பலகை இப்போதும் என் முன்னால்தான் விரிந்து கிடக்கிறது. இந்த வாரப் பத்திரிகையில் வந்த புதிர் கொஞ்சம் குறும்புக்காரப் புதிர். வெள்ளைக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும் இன்னும் ஏதோ ஒன்றிரண்டும்தான். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போக ஒரு கட்டம் பாக்கி. போனால் ராணி, ராணி வந்தால் வெற்றி என்று எந்தப் பைத்தியக்காரியும் சொல்லுவாள். ராணியாக்கிப் பார்த்தேன். கறுப்பு ராஜா மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டு, நகர வழியில்லாமல் ஆட்டத்தைச் சமம் ஆக்கிவிட்டது. மறுபடி அடுக்கினேன், மறுபடி ராணி, மறுபடி சமம். மூன்று நாளாக நடக்கும்போதும் சோறு பொங்கும்போதும் அதே நினைப்பு. நேற்றுப் பைப்படியில் குடத்தை வைத்துவிட்டு நின்றபோது சட்டென்று பிடிபட்டது. ராணி ஆக்கவே கூடாது, குதிரை ஆக்க வேண்டும்! குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்கவில்லை. ‘ஆ’ என்று வாய் திறந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் சொல்ல ஆள் இல்லை. விடை பிடிபடும் நொடியில் பக்கத்தில் இருப்பவனின் தொடையில் ஓங்கித் தட்டுவதில்தான் இந்தச் சுகத்தில் பாதி இருக்கிறது. அந்தப் பாதி உன்னோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டது.

பக்கத்து வீட்டுச் செல்லம்மா நான் தனியாகப் பேசுவதைக் கேட்டுப் பயந்துபோய் ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். “எக்கா, யாருகூடப் பேசுதீக?” என்றாள். “கறுப்புகூட” என்றேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள்மேல் தப்பில்லை. நீ போன பிறகு வெள்ளையும் நானே, கறுப்பும் நானே. வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் நகர்த்திவிட்டு எழுந்து போய் எதிர்ப்பக்கத்து முக்காலியில் உட்காருகிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே பலகையைத் திருப்பிக்கொள்ளலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் கறுப்புக்கு மனசு வைத்து ஆட முடிவதில்லை. வெள்ளை எதை மனத்தில் வைத்து நகர்த்தினாள் என்று எனக்குத் தெரியும், தெரியாதவள் மாதிரி யோசிக்க வேண்டும். இதைவிடப் பெரிய நடிப்பு சினிமாவில்கூட இல்லை.

நம் வீட்டில் இந்த விளையாட்டு வந்த கதை உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. உன் அப்பா துரை பங்களாவில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வராந்தாவில் துரையும் பக்கத்து எஸ்டேட் துரையும் செஸ் ஆடுவார்கள். அப்பா டீத் தட்டை வைத்துவிட்டு உடனே உள்ளே போய்விட வேண்டும், நின்று வேடிக்கை பார்த்தால் மரியாதைக் குறைவு. ஆட்டம் முடிகிற நேரத்துக்கு வெறுங் கோப்பைகளை எடுக்கப் போவார். அப்போது பலகையில் நாலைந்து காய்தான் மிஞ்சியிருக்கும். வருஷக்கணக்காக அவர் பார்த்ததெல்லாம் அதுதான். ஆட்டம் எப்படி ஆரம்பிக்கும் என்று அவருக்குக் கடைசிவரை சரியாகத் தெரியாது. எப்படி முடியும் என்று மட்டும் நன்றாகத் தெரியும். “பந்தி முடிஞ்ச பெறகு கல்யாண வீட்டுக்குப் போனவன் கததான் நம்ம கத” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போனபோது வேண்டாதவை என்று ஒதுக்கிய சாமான்களில் அந்தப் பெட்டியும் கிடந்தது. திறந்து பார்த்தால் வெள்ளையில் ஒரு யானை இல்லை, கறுப்பில் மந்திரிகள் இல்லை, சிப்பாய்களில் பாதி இல்லை. முழு ஆட்டம் ஆடக் காய் போதாது. கடைசி ஆட்டத்துக்கு எதேஷ்டம். குறைந்த சிப்பாய்களுக்குத் தேயிலை விதை பொறுக்கி வந்தாய் நீ, வெள்ளைக்குச் சுண்ணாம்பு தடவி, கறுப்புக்கு அப்படியே. பத்திரிகையில் புதிர் வருகிறதென்று கண்டுபிடித்தது அப்பா. வண்டிப்பெரியாருக்குப் போகிற அன்றைக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கி வருவார். வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும், அது நீயும் அப்பாவும். வெள்ளையை ஜெயிக்கவிடாமல் பார்க்க வேண்டும், அது நான். அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஆடலாம் என்று என்னை அதில் உட்கார வைத்தீர்கள். அதுதான் பெரிய வேலை என்று உங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியவில்லை. வெள்ளைக்கு நல்ல நகர்த்தல் ஒன்றே ஒன்று இருந்தால் போதும். கறுப்பு தனக்குள்ள எல்லா வழியையும் ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும், தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தும் பார்க்க வேண்டும். நான் சோம்பலாக ஆடினால் உனக்குக் கிடைக்கிற வெற்றி பொய்யாகிவிடும்.

அந்த மழைக்காலம் ஞாபகம் இருக்கிறதா? நம்மை இடுக்கி ஜில்லா என்று தனியாகப் பிரித்த வருஷம். அப்பா நனைந்துகொண்டே கடைவீதியிலிருந்து ஏறி வந்தார். சட்டைக்குள் மறைத்துப் பத்திரிகையை ஈரம் படாமல் கொண்டுவந்துவிட்டார். கணுக்காலில் அட்டை குடித்துக்கொண்டு இருந்ததை வழியில் பார்க்கவில்லை. வாசலிலேயே குந்தி அதைப் பிய்த்து எறிந்தார். எறிந்த கையாலேயே, பொறுமை இல்லாமல், புதிர்ப் பக்கத்தைப் புரட்டினார். மறுநாள் நாம் மூன்று பேரும் பலகையில் காயை அடுக்கினோம். வெள்ளைக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும். கறுப்புக்கு ராஜாவும், வெள்ளைச் சிப்பாயின் வழியை மறித்துக்கொண்டு நேர் முன்னால் ஒரு சிப்பாயும். ‘வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும்’ என்று போட்டிருந்தது. அடுத்த நாள் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. விடை வரும் பத்திரிகை வரவில்லை.

நீ ஆடினாய், அப்பா ஆடினார், இரண்டு பேரும் சேர்ந்து ஆடினீர்கள். என் ராஜா அந்தச் சிப்பாயைத் தொட்டுக்கொண்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தது. அசைக்க முடியவில்லை. கூரையில் மழை இரைய இரைய நீ கத்துவாய், “எம்மா, வெள்ளைக்கு ஜெயம்னு அச்சடிச்சே போட்டுருக்கான். நீதான் எங்கயோ தப்பா ஆடுத.”

“தப்பா ஆடுனா நீ ஜெயிச்சிட்டுப் போயேம்ல. யாரு வேண்டாம்னா?”

“ஏளா, பிள்ள மொகத்தப் பாரு. கொஞ்சம் விட்டுத்தான் குடேன்” என்பார் அப்பா.

“விட்டுக் குடுத்தா அது வெளையாட்டா, தாலாட்டா?” என்றேன். நீ கோபித்துக்கொண்டு கம்பளியை இழுத்து மூடிப் படுத்துவிட்டாய். உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அச்சில் வந்த புதிரையே மறித்து நிற்கிறோமே என்று.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் தங்கிப்போன பத்திரிகைகள் கட்டாக வந்தன. அப்பா விடையை உரக்கப் படித்தார். படித்தவர் பாதியில் நிறுத்தினார். விடையில் கறுப்புக்கு ராஜா மட்டும்தான். பழைய பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், நகத்தால் சுரண்டினார், மூக்கருகே கொண்டுபோனார். “அடப் பாவி, இது அட்ட கடிச்ச ரத்தம்லா!” என்றார். காய்ந்து கறுத்த ஒரு பொட்டை நாம் சிப்பாய் என்று எடுத்துக்கொண்டு அத்தனை நாள் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். நீ முதலில் முறைத்தாய். “இல்லாத சிப்பாய வச்சு என்னய மறிச்சிருக்கியே எம்மா!” என்றாய். அப்புறம் சிரித்தாய் பார், நான் இதுவரை அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. அந்தத் தேயிலை விதையை எடுத்து வாசலுக்கு எறிந்தாய். எறிந்த கையோடு வெள்ளை ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் ஒரு கட்டம் எடுத்து வைத்தாய். அவ்வளவுதான். என் ராஜா விலகி நின்றது, உன் சிப்பாய் போய்விட்டது.

அப்பா போனதும் பதினாறு முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய அன்று வீடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். நான் அடுப்பு மூட்டாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஆறுதல் சொல்ல உனக்கு வாய் வராது, உன் அப்பாவைப் போலத்தான் நீயும். பலகையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் விரித்தாய். “எம்மா, கறுப்பு வை” என்றாய். வைத்தேன். அன்றைக்கு நான் எவ்வளவு மோசமாக ஆடினேனோ, நீ அதைவிட மோசமாக ஆடினாய். ஆனால் அதற்குப் பிறகு எழுந்து சோறு பொங்கினேன். அதை நான் மறக்கவில்லை. உனக்கு நான் கடன்பட்டவள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய், அதனால் சொல்லவில்லை.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். நீ வெள்ளைப் பக்கத்து முக்காலியில் மட்டும் உட்கார்ந்து யோசித்திருக்கிறாய். எழுந்து வந்து என் பக்கத்து முக்காலியில் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தாயா? இங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் தெரியுமா? காலையில் சங்கு ஊதியதும் என் மகன் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு பனியில் இறங்குகிறான். சாயங்காலம் திரும்பி வருகிறான். பென்சில் பிடித்த விரல் கறைபிடித்துப்போய் இருக்கிறது. நான் வீட்டில் சௌகரியமாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொழுந்தெடுப்பதைக் கேவலம் என்று நான் சொல்லவில்லை. அதுதான் உன்னை வளர்த்தது, என் கையைப் பார்த்தால் தெரியும். ஆனால் அது உனக்குப் பிடித்து வருகிற வேலை இல்லை. எனக்காக வருகிற வேலை. எனக்காக வந்தவனை நான் தினமும் எப்படி முகம் பார்ப்பேன்? ‘கெட்டும் பட்டணம் சேர்’ என்பார்கள், நீ கெடாமலே சேர்ந்தவன். சிப்பாய்க்குப் பின்னால் போகிற வழியே கிடையாது என்பதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தனிமை இல்லையா என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறது, மறைக்கப்போவதில்லை. தனிமரம் தோப்பாகாது என்பது உண்மைதான். மூடுபனி கதவு வரைக்கும் வந்து நிற்கிற நாட்களில், யாராவது வந்து என்னோடு சண்டையாவது போடமாட்டார்களா என்று இருக்கிறது. உன் செருப்புச் சத்தம் என்று நினைத்து இரண்டொரு தடவை எழுந்து போயிருக்கிறேன், செல்லம்மா வீட்டு ஆடு. ஆனால் நீ வந்துவிட்டால் மட்டும் இது தீர்ந்துவிடும் என்று நினைக்காதே. நீ இங்கே மனசில்லாமல் உட்கார்ந்திருந்தால் அப்போது இரண்டு பேர் தனியாக இருப்போம்.

சரி, நீயாவது என்னோடு வா என்று கூப்பிடுவாய். உன் அறையில் நாலு பேர் படுக்கிறீர்கள் என்று நீயே எழுதியிருந்தாய், நான் எங்கே படுப்பது, உன் வரைபலகையின் மேலா? நீ ஒரு வீடு பிடித்துக் கூப்பிடும்போது பார்க்கலாம். வருவேன் என்று இப்போது வாக்குக் கொடுக்கமாட்டேன். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனால் மாமியாராக ஒரு வீட்டுக்குப் போய் இறங்குவது எப்படி என்று இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை.

இனி நீ கோபப்படப்போகிற விஷயம். உன் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே ஆபீசுக்குப் போனேன். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். காகிதத்தை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “சேச்சி, மோன் வரும்னு கேட்டு. கொஞ்சம் பொறுத்து ஒப்பிட்டா போரே?” என்றார். மகன் வருகிறான் என்று கேள்விப்பட்டேன், கையெழுத்தை அப்புறம் போட்டால் போதாதா என்று கேட்கிறார். உன்னைப் போலவே அவருக்கும் இளகிய மனசு. “அவன் வரமாட்டான் சாரே. அவனுக்கு அங்க நல்ல ஜோலி உண்டு” என்றேன். ஒப்பிட்டேன். எழுத்து நன்றாகவே விழுந்தது. சாவியையும் அங்கேயே வைத்துவிட்டேன். செல்லம்மாவின் மகள் மாரி போன மாதம்தான் வேலைக்கு இறங்கினாள். புருஷனோடும் கைப்பிள்ளையோடும் அம்மா வீட்டுத் திண்டாட்டத்தில் கிடந்தாள். நேற்று அவள் நம் வீட்டில் அடுப்பு மூட்டிவிட்டாள். நீ கட்டிய கோழிக்கூட்டை அப்படியே வைத்திருப்பதாகச் சொன்னாள்.

வண்டிப்பெரியார் கடைவீதியில் தையல்கடைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும், பஸ் இரைச்சல் கேட்கும். பத்திரிகைக்காக மலை இறங்க வேண்டியதில்லை, வாசலிலேயே கிடைக்கும். தையல்காரருக்குச் செஸ் தெரியாது, சட்டைக்குக் காஜா எடுக்கக் கற்றுத் தருகிறேன் என்கிறார். பார்ப்போம். இந்தக் கடிதத்தை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆகவே நீ திரும்பி வர லயத்தில் நமக்கு வீடு இல்லை. நீ காப்பாற்ற நினைத்தது இப்போது இல்லை. உன்னிடம் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ வந்திருப்பாய்.

இதோடு ஒரு பழைய பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். அப்பா அதைத் தூக்கிப் போடவிடவில்லை, பெட்டியின் அடியிலேயே கிடந்தது. அவர் சுரண்டியது போக மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கம் எழுதி உன் வழியில் நீ நிறுத்திவைத்திருந்த அந்த வீடும், அதற்குள் கைவிடப்பட்டவளாக உட்கார்ந்திருக்கிற அம்மாவும் இந்தப் பொட்டுத்தான் ராசா. நான் தனியாக இருக்கிறேன், ஆனால் உன் வழியில் இல்லை. அதை முழுக்கச் சுரண்டிப் போட்டுவிட்டு உன் பலகையைப் பார், ராஜாவை எங்கே வைக்க வேண்டும் என்று உனக்கே தெரியும்.

வைத்ததும் ஒரு கார்டில் எழுதிப் போடு. பலகையை அடுக்கிவிட்டேன், வெள்ளைப் பக்கத்து முக்காலியைக் காலியாக விட்டிருக்கிறேன். கறுப்பு வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அம்மா